கிட்டார் அம்ப்புக்கு வால்வு வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

"அண்ணை, வால்வு போயிட்டுது, எங்க வாங்கலாம்?" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். வால்வு என்றால், கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியான அம்ப்புக்குள் அந்தப் பெருக்கும் வேலையைச் செய்யும் கண்ணாடிக் குழாய். பெரும்பாலும் பழைய மார்ஷலோ ஃபெண்டரோ எப்படியோ கைக்கு வந்து, அதை உயிர்போல வைத்திருக்கும் பிள்ளைகள். எங்கே வாங்கலாம் என்பதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வால்வுதான் போனது என்று எப்படித் தெரியும்?

கொழும்பில் கிட்டார் கம்பி, பெடல், வயர் எல்லாம் வாங்கலாம். ஆனால் உங்கள் அம்ப்புக்குச் சரியான, சோதித்து ஜோடி சேர்த்த பவர் வால்வு (ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வு) வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும். பார்சல் வரக் கிழமைக் கணக்கில் காத்திருக்க வேண்டும், சுங்கத்தில் காசு கட்ட வேண்டும், வந்த வால்வு பிழை என்றால் திருப்பி அனுப்பும் தபால் செலவே வால்வின் விலையை எட்டிப் பார்க்கும். லண்டனில் இருப்பவர் பிழையாக வாங்கினால் இரண்டு நாளில் மாற்றிக்கொள்வார், நமக்கு அது இரண்டு மாதம். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஊகத்தில் வாங்குவதுதான் முதல் தவறு, அதிகம் நடப்பதும் அதுதான். கொட்டாஞ்சேனையில் கோயில் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் ஒரு தம்பியின் 50 வாட் அம்ப், இரண்டு ஈஎல்34 (ஒரு வகைப் பவர் வால்வு) போட்டது, ஒரு ஞாயிறு ஃபியூஸ் போய் நின்றுவிட்டது. வால்வு என்று முடிவுகட்டி ஒரு ஜோடி வரவழைத்தார். ஆறு கிழமை காத்திருந்து வந்ததைப் போட்டால் அரை நிமிடத்தில் ஒரு வால்வின் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவக்கத் தொடங்கியது. உடனே நிறுத்திவிட்டு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு ஓட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். நடுவில் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) செம்மஞ்சளாக ஒளிர்வது இயல்பு. ஈஎல்34இல் கண்ணாடியை ஒட்டி மெல்லிய நீலம் தெரிவதும் இயல்புதான், பயப்பட வேண்டாம். ஆனால் தகடு சிவப்பது வால்வு தாங்க முடியாத அளவு கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம், அப்படியே விட்டால் வால்வும் போகும், சில நேரம் டிரான்ஸ்ஃபோமரும் சேர்ந்து போகும். நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போட்டோம். சிவப்பு வால்வோடு போகவில்லை, அதே சொக்கெட்டிலேயே நின்றது. அப்போதே தெரிந்துவிட்டது வால்வில் பிழை இல்லை என்று. வால்வுகளைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தால் வால்வு இழுக்கும் கரண்டைக் கட்டுப்படுத்தும் ஐந்தாம் காலில் ஒரு சொக்கெட்டில் மைனஸ் 38 வோல்ட், சிவந்த சொக்கெட்டில் மைனஸ் 11. இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். கசியும் ஒரு கப்பாசிட்டர், ஒரு பால்தேத்தண்ணிக் காசுகூட வராத சாமான், அதுதான் இவ்வளவுக்கும் காரணம். கழற்றிப்போட்ட பழைய வால்வுகளில் ஒன்று இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

இந்த இடம் மாற்றும் சோதனைக்கு அம்ப்பைத் திறக்கத் தேவையில்லை. சின்ன வால்வுகளுக்கும் இதே வழிதான்: நல்லது என்று தெரிந்த ஒரு ஈசிசி83 (அம்ப்பின் முன்பக்கத்தில், அதாவது உள்ளீட்டுப் பக்கம், இருக்கும் சின்ன வால்வு) கையிருப்பில் வைத்துக்கொண்டு, உள்ளீட்டுப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், சத்தம் எதோடு நின்றதோ அதுதான் குற்றவாளி. மரக் குச்சியால் கண்ணாடியை மெதுவாகத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி அடித்தாற்போல் கேட்டால் அந்த வால்வு மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது, அதாவது அதிர்வையும் சத்தமாக்குகிறது. உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சு பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அதற்குச் சோதனையே தேவையில்லை. ஆனால் அடிப்பலகையைத் திறந்து அளப்பது வேறு விஷயம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும், ஆளைக் கொல்லும். வால்வு ரேடியோ காலத்தில் இருந்து வேலை செய்யும் திருத்துநர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேடிப் பிடித்து அவர்களிடம் கொடுங்கள்.

அடுத்தது, காலில் பொருந்தினால் போதும் என்று நினைப்பது. 6வி6, 6எல்6, ஈஎல்34, கேடி88 என்ற பவர் வால்வுகள் நான்கும் ஒரே எட்டுக் கால் சொக்கெட்டில்தான் உட்காரும். அதை நம்பி 6வி6 போட்ட சின்ன அம்ப்பில் ஈஎல்34 செருகியவர்களை எனக்குத் தெரியும். 6வி6இன் ஹீட்டர் இழுப்பது 0.45 அம்பியர், ஈஎல்34 இழுப்பது 1.5 அம்பியர். மூன்று மடங்குக்கும் மேல். அந்தச் சுமைக்கு அந்த டிரான்ஸ்ஃபோமர் சுற்றப்படவில்லை. 6எல்6 இருந்த இடத்தில் ஈஎல்34 போட்டாலும் ஹீட்டர் கணக்கு இடிக்கும் (6எல்6க்கு 0.9தான்), அதோடு ஈஎல்34இன் முதலாம் காலில் ஒரு கிரிட் (உள்ளே இருக்கும் கம்பி வலை) இருக்கிறது, அதை எட்டாம் காலோடு இணைத்திருக்க வேண்டும், 6எல்6க்காக வயர் பண்ணிய சொக்கெட்டில் அந்த இணைப்பு இல்லாமல் இருக்கலாம்.

பெயரை வாசிக்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து ஈ என்றால் ஹீட்டர் 6.3 வோல்ட், சி என்றால் ட்ரையோட் (உள்ளே மூன்று மின்முனை), எல் என்றால் பவர் பென்டோட் (ஐந்து மின்முனை உள்ள பவர் வால்வு), இலக்கம் 3இல் தொடங்கினால் எட்டுக் கால், 8இல் தொடங்கினால் ஒன்பது கால் சின்ன சொக்கெட். ஆக ஈசிசி83 என்பது ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோட். அமெரிக்கப் பெயரில் அதுவேதான் 12ஏஎக்ஸ்7. இது தெரியாமல் "என்னிடம் ஈசிசி83 இருக்கு, ஆனா அம்ப்பில 12ஏஎக்ஸ்7 எண்டு எழுதியிருக்கு" என்று இன்னொன்று வாங்கியவர்கள் உண்டு. ஈசிசி81, ஈசிசி82 இரண்டும் அதே கால் அமைப்புத்தான், ஆனால் ஈசிசி83இன் பெருக்கம் 100 என்றால் அவற்றுடையது கிட்டத்தட்ட 60, 20. போட்டால் அம்ப் கெட்டுப்போகாது, ஆனால் சத்தம் வேறாகிவிடும். அதேநேரம் பழைய ரஷ்ய 6என்2பி பெருக்கத்தில் ஈசிசி83 மாதிரியே இருந்தாலும் ஹீட்டர் கால்கள் வேறு, ஆகவே அதை நேரே செருகக் கூடாது.

இனி பெயரும் பெட்டியும். இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. இன்று கிட்டார் வால்வு செய்யும் தொழிற்சாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்: ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, ரஷ்யாவில் சரடோவ் நகரத்துத் தொழிற்சாலை, அப்புறம் சீனாவில் சில. சொவ்டெக், எலெக்ட்ரோ ஹார்மொனிக்ஸ், டங் சோல், இன்றைய முல்லார்ட், இவை எல்லாம் அந்த ஒரே சரடோவில் இருந்து வருபவை. அந்த வால்வுகள் மோசம் என்று சொல்லவில்லை, நானே பாவிக்கிறேன். ஆனால் இன்றைய முல்லார்ட் பெட்டியை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் அந்தக் காலத்தில் செய்த முல்லார்ட் என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பெயரை இன்னொருவர் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதித் தடை போட்டபோது இத்தனை பெயர்களும் ஒரே நாளில் தட்டுப்பாடானதற்குக் காரணமும் இதுவே. அந்த நேரம் இங்கே டொலரும் இல்லை, வால்வும் இல்லை. கையில் உதிரி வைத்திருந்தவர்கள் மட்டும் தப்பினார்கள்.

உண்மையான பழைய வால்வு என்று சொல்லி விற்பவை இன்னொரு கதை. அச்சிட்ட எழுத்தைத் துடைத்துவிட்டு வேறு பெயர் அச்சிடுவது பெரிய வித்தை இல்லை. பழைய டெலிஃபுங்கன் ஈசிசி83 என்றால் அடியில், கால்களுக்கு நடுவே, கண்ணாடியிலேயே வார்த்த சின்ன வைர வடிவம் இருக்க வேண்டும். நகத்தால் தடவினால் உணர முடியும், மை என்றால் வழுக்கும். நான் ஒரு முறை பழைய முல்லார்ட் ஈஎல்34 ஜோடி என்று நம்பி நல்ல விலை கொடுத்தேன். பெட்டி அசல், கேடயச் சின்னம் அசல் மாதிரி, கண்ணாடியைத் துணியால் ஒரு தடவை துடைத்ததும் சின்னத்தின் பாதி துணியோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பொறித்திருக்க வேண்டிய தொழிற்சாலைக் குறியீடு இல்லவே இல்லை. விற்றவர் அதற்குப் பிறகு பதில் போடவில்லை. ஆகவே பழைய வால்வு வாங்குவதென்றால் குறியீட்டையும் உள்ளே இருக்கும் அமைப்பையும் கிட்ட வைத்து எடுத்த படம் கேளுங்கள், படம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

"டெஸ்ட் பண்ணினது" என்ற சொல்லும் அப்படித்தான். எத்தனை வோல்ட்டில் சோதித்தீர்கள், எத்தனை மில்லியம்பியர் காட்டியது, கசிவு பார்த்தீர்களா, எத்தனை மணிநேரம் ஓடவிட்டீர்கள் என்று கேளுங்கள். ஒழுங்கான விற்பனையாளர் அந்த எண்களைப் பெட்டியிலேயே எழுதி அனுப்புவார். என்னைக் கேட்டால் புகழ்பெற்ற பெயருக்குக் கொடுக்கும் காசைவிட, சாதாரண ஜேஜே வால்வைச் சோதித்து எண் எழுதித் தருபவருக்குக் கொடுக்கும் காசு மேல். திருப்பி அனுப்ப முடியாத நமக்குச் சோதனையை வேறொருவர் முதலிலேயே செய்துவிடுவதுதான் உண்மையான உத்தரவாதம்.

ஜோடி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. இரண்டு அல்லது நான்கு பவர் வால்வு சேர்ந்து வேலை செய்யும் அம்ப்பில் ஒன்றை மட்டும் மாற்றினால் ஒன்று மற்றதைவிட அதிகம் உழைக்கும், ஹம் (உறுமல் சத்தம்) கூடும். அங்கே ஜோடி கட்டாயம். ஆனால் ஒரே ஒரு 6வி6 வைத்த சின்ன அம்ப்புக்கும், முன்பக்க ஈசிசி83களுக்கும் "மேட்ச்டு" என்று கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. ஒலி கேட்டு நன்றாக இருக்கும் முன்பக்க வால்வுகளை வயசாகிவிட்டது என்று கழற்றவும் வேண்டாம், அவை ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

புது ஜோடி போட்டதும் பயஸ் பார்க்க வேண்டும், அதாவது வாசிக்காமல் இருக்கும்போது வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்து அமைக்க வேண்டும். ஈஎல்34 தாங்குவது 25 வாட், வாசிக்காமல் சும்மா இருக்கும்போது அதில் 70 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது வழக்கம், அதாவது 17.5 வாட். தகட்டில் 450 வோல்ட் என்றால் சுமார் 39 மில்லியம்பியர். இது மேல் எல்லை, இதைக் குறிவைத்து ஓட வேண்டாம், 30க்குக் கிட்டவே பல அம்ப்புகள் நன்றாகப் பாடும். வொக்ஸ் ஏசி30 போன்ற கதோட் பயஸ் (பயஸைத் தானே அமைத்துக்கொள்ளும்) அம்ப்புகளில் திருப்பி அமைக்க எதுவும் இல்லை, ஜோடி சேர்ந்த வால்வைப் போட்டால் சரி.

கரண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு வருவது 230 வோல்ட். அம்ப்பின் பின்பக்கம் வோல்ட் தெரிவு செய்யும் சுவிட்சு 220இல் இருந்தால் ஹீட்டருக்கு 6.3க்குப் பதில் 6.6 போகும், 240இல் இருந்தால் 6 போகும். பத்து வீதம் கூடக்குறைய வால்வு தாங்கும் என்பதால் இரண்டுமே எல்லைக்குள்தான், ஆனால் 240 இருந்தால் நான் அதையே போடுவேன், ஏனென்றால் இரவில் சில வீடுகளில் கரண்ட் 230ஐத் தாண்டுவதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். அமெரிக்க அம்ப்பை 110 டிரான்ஸ்ஃபோமரோடு ஓட்டுபவர்கள் அந்தப் பெட்டி உண்மையில் எவ்வளவு தருகிறது என்று ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

லண்டனில் இருந்தோ டொரொன்டோவில் இருந்தோ வரும் மாமா மாமியிடம் சொல்லி விடுவது நமக்குள்ள பெரிய வசதி. அதிலும் ஒரு தவறு உண்டு: "ஒரு ஈஎல்34 வாங்கி வாங்கோ" என்று மட்டும் சொல்லுவது. அவர்களுக்கு என்ன தெரியும் பாவம், கடையில் கொடுத்ததை வாங்கி வருவார்கள். நீங்களே கடையைத் தெரிந்தெடுத்து, ஜோடி என்று குறிப்பிட்டு ஓடர் போட்டு அவர்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தொழிற்சாலைப் பெட்டியோடு துணிக்கு நடுவே வைத்து, கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பும் முன் போட்டுப் பார்த்துவிட்டால், பிழை என்றால் அவர்கள் கையிலேயே திருப்பி அனுப்பலாம்.

பார்சலில் வந்தால் பிரிப்பதை வீடியோ எடுங்கள். உச்சிப் பூச்சு வெள்ளியா வெள்ளையா, உள்ளே ஏதாவது கிலுங்குகிறதா, சின்ன வால்வின் கால்கள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வளைந்த காலை அவசரமாக நிமிர்த்தினால் கண்ணாடி வெடிக்கும். அன்றைக்கே போட்டு, ஸ்பீக்கர் இணைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, இருட்டில் அரை மணிநேரம் பக்கத்தில் இருங்கள். காலி வீதிக்குக் கடல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை: உப்புக் காற்றில் சொக்கெட் கறுத்திருக்கும், புது வால்வு செருகும் முன் கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள். சத்தம் விட்டுவிட்டு வருவதற்குப் பல தடவை அதுதான் காரணம்.

கொட்டாஞ்சேனைத் தம்பியின் அம்ப்பில் இப்போது பின்பலகை உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: வால்வு போட்ட திகதி, இரண்டின் மில்லியம்பியர், தகட்டு வோல்ட், பயஸ் வோல்ட். கீழே பென்சிலால், மாற்றிய கப்பாசிட்டரின் அளவு.