டிராக்டர் லைனரைப் பூட்டும் முன் அளந்து பாருங்கள்

லைனர் என்பது எஞ்சினில் பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துச் சின்ன லேத் பட்டறை லைனர் எல்லாமே தரம் குறைந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அளக்காமல் பூட்டக் கூடாது.

கடைந்த சூட்டோடு அளந்தால் அளவு ஏமாற்றும். ஆறவிட்டு, போர் கேஜை (உள்விட்டம் அளக்கும் கருவி) மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பாருங்கள். 0.02 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதோடு விடாதீர்கள். லேத்தின் மூன்று தாடை சக்கில் (பிடிப்பானில்) இறுக்கிக் கடைந்த மெல்லிய லைனர், கழற்றியதும் மூன்று பக்கமாகக் கோணிக்கொள்ளும். இரண்டு முனையால் அளக்கும் போர் கேஜுக்கு இது தெரியவே தெரியாது. புது பிஸ்டன் ரிங்கை லைனருக்குள் பிஸ்டனால் நேராகத் தள்ளி, கீழே டார்ச் அடியுங்கள். ரிங் வாய் (ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி) தவிர வேறெங்கும் வெளிச்சம் கசிந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கும், புகையும். 100 மி.மீ. போருக்கு (உள்விட்டத்துக்கு) இந்த ரிங் இடைவெளி சுமார் 0.3 முதல் 0.45 மி.மீ.

வெட் லைனரா (வெளிப்பக்கம் தண்ணீர் படும் வகை)? ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடாமல் பிளாக்கில் இறக்குங்கள். பல எஞ்சின்களில் லைனர் பிளாக்கின் மேல்பரப்புக்கு 0.05 முதல் 0.10 மி.மீ. மேலே நிற்க வேண்டும். மேனுவல் சொல்வதே கடைசி. தாழ்ந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் கசியும். எதிரெதிரே நான்கு இடத்தில் அளப்பது நல்லது.

ஹோனிங் (லைனர் உட்சுவரைக் கல்லால் தேய்ப்பது) தூளை டீசல் முழுதாக எடுக்காது. சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறை வராமல் போகும்வரை கழுவி, உடனே ஆயில் தடவுங்கள்.