யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நூல் செம்மையாக்கம்: தனியாகத் தொழில் தொடங்குவது எப்படி?

மூன்று ஆண்டுகளாகக் கோண்டாவிலில் என் வீட்டு முன்னறையில் இருந்து இந்த வேலையைச் செய்கிறேன். அதற்கு முன்னர் ஓர் அச்சகத்தில் ஒப்புநோக்குநராக இருந்தேன். ஒற்றும் சந்தியும் திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போன காலம் அது. ஆனால் "இந்த ஐந்தாம் அத்தியாயம் இங்கே ஏன் இருக்கிறது?" என்று கேட்கும் இடம் அங்கே எனக்கு இருக்கவில்லை. இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் என் தொழில். எப்படித் தொடங்கினேன் என்று பலர் கேட்டுவிட்டதால், நான் செய்த ஒழுங்கிலேயே எழுதி வைக்கிறேன். நீங்கள் நிறைய வாசிப்பவர், இலக்கணம் தெரிந்தவர், தமிழில் தட்டச்சுச் செய்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. செய்யும் வேலையை ஒரே வசனத்தில் சொல்லப் பழகுங்கள்

நம் ஊரில் பதிப்பாசிரியர் என்றதும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளைதான் நினைவுக்கு வருவார். ஏடுகளைத் தேடி, பாடங்களை ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர். பழம்புலவரின் சொல்லை உள்ளபடி மீட்பது அந்தப் பணி. நம்முடையது வேறு. எழுத்தாளர் உயிரோடு நம் எதிரில் இருக்கிறார், நூல் இன்னும் முடியவில்லை. எந்த அத்தியாயம் முன்னே வரவேண்டும், எது வேண்டாம், எது எழுதப்படாமலே விடுபட்டிருக்கிறது என்று சொல்வதுதான் கட்டமைப்புச் செம்மையாக்கம்.

இதை விளக்காவிட்டால் என்ன நடக்கும் என்றால், எல்லோரும் உங்களை எழுத்துப் பிழை பார்ப்பவர் என்றே நினைப்பார்கள். "பிள்ளை, பிழை மட்டும் பார்த்துத் தாரும், வெளியீட்டுக்கு நாள் வைத்தாயிற்று" என்று மண்டபத்துக்கு முற்பணம் கட்டியபின் வருகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்களை ஒப்புநோக்குநரிடம் அனுப்பிவிடுகிறேன். நாள் குறித்த நூலில் கட்டமைப்பைத் தொட முடியாது. நான் சொல்லும் வசனம் இதுதான்: "உங்கள் நூலின் ஒழுங்கையும் நீளத்தையும் குறையையும் வாசித்துக் கடிதமாக எழுதித் தருவேன்; திருத்தி எழுதுவது நீங்கள்."

2. முதல் வேலையை அச்சகத்தில் தேடுங்கள்

இணையத்தளம், முகநூல் பக்கம் எல்லாம் பின்னர் செய்யலாம். இங்கே பெரும்பாலான நூல்களை எழுதியவரே சொந்தச் செலவில் 300 அல்லது 500 பிரதிகள் அச்சிடுகிறார். ஆகவே எழுத்தாளரின் கோப்பு முதலில் போய்ச் சேரும் இடம் அச்சகம். நான் எனக்குத் தெரிந்த நான்கு அச்சகத்தாரிடம் ஒரு பக்கத் தாளைக் கொடுத்தேன். "பக்க வடிவமைப்புக்கு வருமுன் இவரிடம் காட்டுங்கள்" என்று அவர்கள் சொன்னாலே போதும். அவர்களுக்கும் நன்மை இருக்கிறது: பக்கம் அமைத்து முடிந்த பிறகு அத்தியாயம் மாற்றச் சொல்லும் வாடிக்கையாளர் குறைகிறார்.

கல்வெட்டு வேலையை இளக்காரமாக எண்ண வேண்டாம். முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் அந்தச் சிறு நினைவு நூலில் ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் இருக்கிறது. நாற்பது பக்கத்துக்குள் ஒரு வாழ்க்கையை எங்கே தொடங்குவது, யாரைப் பேசவைப்பது என்று நான் கற்றது அங்கேதான். காலக்கெடு மட்டும் அசையாது.

நூல் வெளியீட்டு விழாவுக்குப் போங்கள், ஆனால் அன்றைய நூலாசிரியரிடம் குறை சொல்லப் போகாதீர்கள். அவருக்கு அருகில் நின்று "நானும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்பவரோடு பேசுங்கள்.

3. கோப்பை ஒழுங்குபடுத்துங்கள்

புதியவர்கள் பலர் இங்கேயே இரண்டு நாளை இழக்கிறார்கள். வரும் கோப்புகளில் பாதிக்கு மேல் பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஒரு பாத்திரத்தின் பெயரைத் தேடவும் முடியாது. முதல் வேலையாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது நடுவில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். வெளிநாட்டு இடப்பெயர், மருந்துப் பெயர், மின்னஞ்சல் முகவரி உள்ள இடங்களை மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

கருவிகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. எழுத்தாளருக்கு வேர்ட் கோப்பாகவே அனுப்புங்கள். கூகுள் டாக்ஸ் நல்லதுதான், ஆனால் எழுபது வயது நூலாசிரியர் தவறுதலாக ஒரு பத்தியை அழித்துவிட்டால் அது உடனே எல்லோருக்கும் அழிந்துவிடுகிறது. பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று தொலைபேசியில் விளக்குவதற்குள் அவர் பதறிப்போகிறார். அத்தியாயங்களை ஒழுங்குபடுத்த எந்த மென்பொருளும் எனக்கு வேண்டாம். ஏ4 தாளை எட்டாக வெட்டி, ஒரு துண்டுக்கு ஓர் அத்தியாயம் என்று எழுதித் தரையில் பரப்புவேன். அத்தியாயத்தின் காலம், இடம், அதில் என்ன மாறுகிறது, எத்தனை சொற்கள்: இந்த நான்கு மட்டும். "என்ன மாறுகிறது" என்ற இடம் வெறுமையாக இருக்கும் துண்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளிவையுங்கள். நூலின் நோய் பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

4. வசனத்தைத் தொடாதீர்கள்

இதை நான் நீட்டித்தான் எழுத வேண்டும். என் முதல் பெரிய நூல் இங்கேதான் தடக்கியது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் நினைவுக் குறிப்புகள், 62,000 சொற்கள், 22 அத்தியாயங்கள். (அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.) வாசிக்கத் தொடங்கிய உடனேயே கை பரபரத்தது. நீண்ட வசனங்களை உடைத்தேன், செயப்பாட்டு வினைகளை மாற்றினேன், ஒற்றுகளை இட்டேன். பன்னிரண்டு நாளில் எட்டு அத்தியாயங்களைப் பளபளப்பாக்கிவிட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் விளங்கியது, நான் திருத்திய எட்டில் ஆறு இந்த நூலுக்கே வேண்டாதவை என்று. அவை அவர் பெற்ற நியமனங்கள், இடமாற்றங்கள், பதவி உயர்வுகள். பன்னிரண்டு நாள் உழைப்பு வீண். அதைவிடப் பெரிய சேதம் ஒன்று இருந்தது: திருத்திய பக்கங்களை அவருக்கு அனுப்பியிருந்தேன். அழகாகிவிட்ட பக்கங்களை எடுத்துவிடச் சொன்னபோது, "நீங்களே திருத்தியது தானே, பிறகு ஏன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அதன்பிறகு என் முறை இது. முதல் வாசிப்பில் கையில் பேனை எடுப்பதில்லை. வாசித்து முடிந்ததும் பிரதியைப் பார்க்காமல், எனக்கு நினைவில் நிற்பவற்றை ஒரு தாளில் எழுதுவேன். அந்த ஆசிரியரின் நூலை இப்படித் திரும்ப வாசித்தபோது எனக்கு நினைவில் நின்றது ஒரே ஒரு காட்சி. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடக்கும் சனத்துக்குள், அவருடைய தாயார் தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடக்கிறார். இது பதினான்காம் அத்தியாயத்தில் அரைப் பக்கத்தில் வந்து போயிற்று. துண்டுகளைப் பரப்பிப் பார்த்தேன். அந்தத் தையல் இயந்திரம் ஐந்து அத்தியாயங்களில் இருக்கிறது. மகனின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டியது அது. சாவகச்சேரியில் தங்கிய வீட்டில் அடுப்பெரியக் காரணமாக இருந்ததும் அதுதான். ஆனால் ஐந்து இடத்திலும் அவர் அதைத் தொட்டுவிட்டு வேறு கதைக்கு ஓடிவிடுகிறார்.

5. கடிதம் எழுதுங்கள்

நீங்கள் விற்பது இந்தக் கடிதத்தைத்தான். ஐந்திலிருந்து எட்டுப் பக்கம். ஓரக் குறிப்புகள் இதற்கு ஈடாகா. ஓரத்தில் முந்நூறு குறிப்புகளைக் கண்ட எழுத்தாளர், எது பெரிது எது சிறிது என்று தெரியாமல் மனம் தளர்ந்துவிடுவார்.

நூல் எதைப் பற்றியது என்று நான் விளங்கிக்கொண்டதை முதற் பத்தியில் எழுதுவேன். நான் பிழையாக விளங்கியிருந்தால் அவர் அங்கேயே பிடித்துவிடலாம். அடுத்து எது நன்றாக இருக்கிறது என்பதை, பக்க எண்ணோடு. "நடை நன்று" என்பது பாராட்டே அல்ல. "பக்கம் 118இல் பாலத்தைக் கடக்கும் காட்சியில் ஒரு பெயரடைகூட மிகையில்லை" என்பதுதான் அவருக்கு உதவும். பிறகு சிக்கல்கள். மூன்று, மிஞ்சினால் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான பக்கங்கள், வாசகருக்கு அங்கே என்ன நேர்கிறது என்ற விளக்கம், ஒரு வழி. ஒரே வழிதான் உண்டு என்று எழுதாதீர்கள். கடைசியில், மாற்றவே கூடாதவற்றைக் குறிப்பிடுங்கள். உற்சாகத்தில் நல்லதையும் வெட்டிவிடுபவர்கள் உண்டு.

கடிதம் அனுப்பி ஒரு கிழமை வரை நானாகத் தொலைபேசி எடுப்பதில்லை. அந்த ஆசிரியருக்கு நான் எழுதிய இரண்டாவது கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது: "இது உங்கள் உத்தியோக வரலாறா, அம்மாவின் வரலாறா?" பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள் பேசினார். "அம்மாவைப் பற்றி எழுத எனக்குத் துணிவு வரவில்லை. அதனால்தான் மற்றதெல்லாம் எழுதினேன்" என்றார். ஆறு அத்தியாயங்கள் ஒன்றாகச் சுருங்கின. புதிதாக நான்கு எழுதினார். அவற்றில் ஒரு வசனம்கூட என்னுடையதல்ல.

6. கட்டணமும் உடன்படிக்கையும்

அச்சகம் பக்கக் கணக்கில் பேசும், 16 பக்கம் ஒரு பாரம் என்று. நீங்கள் சொற்கணக்கில் பேசுங்கள். எழுத்தின் அளவை மாற்றினால் பக்கம் மாறிவிடும். ஆனால் தமிழில் சொற்கணக்கும் வழுக்கும். ஒருவர் "வந்து கொண்டிருந்தான்" என்று பிரித்தும் இன்னொருவர் சேர்த்தும் எழுதுவார். ஆகவே தனிச்சொல்லுக்கு விலை வைக்காமல் 5,000 சொற்களுக்கு ஒரு படி என்று வைத்திருக்கிறேன். 50,000 சொற்களுக்கு எனக்கு முதல் வாசிப்பு 8 மணித்தியாலம், துண்டு எழுதிப் பரப்ப 7, இரண்டாம் வாசிப்பு 12, கடிதம் 10, உரையாடல் 3, மொத்தம் 40. உங்கள் மணித்தியாலத்துக்கு என்ன பெறுமதி என்று முடிவுசெய்து பெருக்குங்கள். முதல் இரண்டு வேலைகளிலும் நேரத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள், ஊகிக்க வேண்டாம்.

இலவச மாதிரி கொடுக்காதீர்கள். இரண்டாயிரம் சொல்லை வைத்துப் பிழை திருத்திக் காட்டலாம், கட்டமைப்பைக் காட்ட முடியாது. அதற்குப் பதிலாக அத்தியாயச் சுருக்கத்தையும் முதல் மூன்று அத்தியாயங்களையும் வாசித்து, சிறு கட்டணத்துக்கு இரண்டு பக்க மதிப்பீடு கொடுங்கள். தெரிந்தவர், உறவினர் என்றாலும் ஒரு பக்க உடன்படிக்கை வேண்டும்: எத்தனை வாசிப்பு, எந்தத் திகதி, பாதிப் பணம் முன்னரே, பதிப்புரிமை முழுவதும் நூலாசிரியருக்கே, இறுதி முடிவும் அவருக்கே. ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) எடுப்பது, அட்டை வடிவமைப்பு, அணிந்துரை வாங்குவது உங்கள் வேலை அல்ல என்றும் எழுதிவிடுங்கள்.

7. வெளிநாட்டிலிருந்து பணம்

கனடாவிலும் இலண்டனிலும் இருந்து எழுதுகிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். வங்கிக்கு நேராக அனுப்பச் சொல்லும்போது இரண்டைக் கவனியுங்கள். வங்கிப் புத்தகத்தில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்துக் கொடுங்கள். தந்தையின் பெயரை ஒரு இடத்தில் முதலெழுத்தாகவும் இன்னொரு இடத்தில் முழுதாகவும் எழுதியதால் என் பணம் ஒன்று மூன்று கிழமை நின்றது. அடுத்தது, இடையில் உள்ள வங்கிகளும் கட்டணம் கழிக்கும். எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கே என்ற தெரிவைச் செய்யும்படி முன்கூட்டியே கேளுங்கள்.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் உள்ளவருக்குச் செய்த சேவைக்காக வங்கி ஊடாக வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் வரி உண்டு. அதன் உச்ச வீதம் நூற்றுக்கு 15. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விடுவிப்பு இருப்பதால் தொடக்கத்தில் கட்ட வேண்டி வராது. ஆனாலும் பற்றுச்சீட்டுகளை முதல் நாளிலிருந்து சேர்த்து வையுங்கள்.

பின்சேர்க்கை

இதை வாசித்த ஓர் அக்கா பருத்தித்துறையிலிருந்து கேட்டிருந்தார்: "என்னிடம் இருப்பது நான்கு சி.ஆர். கொப்பியில் கையெழுத்துப் பிரதி. தட்டச்சுச் செய்வித்த பிறகுதான் செம்மையாக்குநரிடம் கொடுக்க வேண்டுமா?"

இல்லை அக்கா. நான் மேலே எழுதியபோது இதை யோசிக்கவில்லை. கொப்பிகளுக்குத் தொடர்ச்சியாகப் பக்க எண் இடுங்கள், முழுவதையும் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டில் வையுங்கள். பிரதியைப் பார்த்தே கடிதம் எழுதலாம். அத்தியாயங்களின் ஒழுங்கு முடிவான பிறகு தட்டச்சுக்குக் கொடுத்தால், எடுத்துவிடப்போகும் பக்கங்களுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டி வராது. சொற்கணக்குக்கு, எங்காவது மூன்று முழுப் பக்கங்களை எண்ணிச் சராசரி எடுத்து, மொத்தப் பக்கங்களால் பெருக்கிக்கொள்ளுங்கள்.