உளுந்தூர்பேட்டை போர்க்கால விமானத் தளம்: கடலூர், புதுச்சேரி வரும் நம்மவர்களுக்கு

கடலூருக்கோ புதுச்சேரிக்கோ ஊர் வருபவர்கள் ஒரு பகலை ஒதுக்கினால், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் தளம் இருந்த உளுந்தூர்பேட்டையைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போய் நிற்காதீர்கள். வெயிலும் கான்கிரீட்டும்தான் கண்ணில் படும். முதலில் காகிதம், பிறகு களம்.

1942 மார்ச்சில் பர்மாவின் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பு, 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலை என ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னையே பாதி காலியானது. சோழவரம், செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்பேட்டை எல்லாம் அந்தப் போர்க்காலத்துத் தளங்கள். சோழவரத்தில் பின்னாளில் கார் பந்தயம் நடந்ததால் அதன் பெயர் பலருக்குத் தெரியும். உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. கடலை விட்டு உள்ளே தள்ளி, ரயில் பாதையும் திருச்சி நெடுஞ்சாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடம் என்பதைப் போகும்போது கவனியுங்கள். சிமெண்டும் எரிபொருளும் வந்து சேர இரண்டும் வேண்டும்.

லண்டனில் இருப்பவர்கள் கிளம்பும் முன்பே அங்கே கியூ (Kew) பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய் வாருங்கள். தளங்களின் நாட்குறிப்புகள் 'ஏர் 28' (AIR 28) வரிசையிலும், படையணிகளுடையவை 'ஏர் 27' (AIR 27) வரிசையிலும் இருக்கின்றன. தேடும்போது ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். 'தூர்' என்பது 'டெர்' ஆகியிருக்கும். ஒரே ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு 'ஒன்றுமில்லை' என்று கிளம்பிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

அந்த நாட்குறிப்புகளில் விமானியின் பெயர் இருக்கும். நிலத்தை இழந்தவர், கல் உடைத்தவர், மண் சுமந்தவர் பெயர் இருக்காது. உங்கள் பாட்டன் பூட்டன் பெயரைத் தேடுகிறீர்கள் என்றால் வருவாய்த் துறைப் பதிவேடுகள்தான் வழி. அன்று இது கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரத்துக்குப் போனது, 2019இல் கள்ளக்குறிச்சிக்கு. ஆகவே 'கள்ளக்குறிச்சி' என்று கேட்டால் பழைய கோப்பு வராது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 'தென்னாற்காடு' என்று சொல்லி, போர் ஆண்டுகளின் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழில் நில எடுப்பு அறிவிப்புகளைக் கேளுங்கள். அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது.

களத்துக்கு ஜனவரி, பிப்ரவரி உகந்தது. மே வெயிலில் கான்கிரீட் மேல் அரை மணி நேரம்கூட நிற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை. கடலூரிலிருந்து பண்ருட்டி வழியாகவும், புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வழியாகவும் போகலாம். காரில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குள் புறப்பட்டால் நல்லது.

முந்தின நாளே கூகுள் எர்த்தில் ஓடுபாதையைக் கண்டுபிடித்து, அளவுகோல் கருவியால் நீளத்தை அளந்து வையுங்கள். கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்கு பிரிட்டிஷார் வைத்திருந்த அளவு 2,000 கஜ நீளம், 50 கஜ அகலம். அதாவது சுமார் 1,830 மீட்டர், 46 மீட்டர். ஒப்பிட்டுப் பாருங்கள். தரையில் பலகை பலகையாக வார்த்த கான்கிரீட்டின் இணைப்புகளைக் குனிந்து பாருங்கள். வெயிலில் விரியும் கான்கிரீட்டுக்கு இடம் விடத்தான் அந்த இடைவெளி. அதில் அடைத்த தார் காய்ந்து உதிர்ந்ததும் மண் சேரும், புல் முளைக்கும், பின்னாலேயே சீமைக் கருவேலம் வேர் விடும். பலகையின் ஓரம் தூக்கிக்கொண்டு உடைவது இப்படித்தான். சுற்றுவட்டாரத்தில் புதர்களுக்குள் போகாதீர்கள். கண்ணாடி விரியன் உண்டு, மூடாத கிணறும் இருக்கலாம். மூடிய காலணி கட்டாயம்.

கைவிட்ட தளம் என்றாலும் அது யாருமில்லாத நிலம் அல்ல. வேலியோ அறிவிப்புப் பலகையோ இருந்தால் தாண்டாதீர்கள், கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டுப் போங்கள், படமெடுக்கலாமா என்றும் கேளுங்கள். டிரோன் கொண்டு வரவே வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடித்து வைப்பார்கள். செயற்கைக்கோள் தொலைபேசியும், மலையேறுவோர் வைத்திருக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவியும் அனுமதியின்றிக் கையில் இருந்தால் வழக்கே வரும்.

போரில் இறந்த விமானப்படையினரைத் தேடுபவர்கள் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போகவேண்டும். தென்னிந்தியாவில் பல இடங்களில் புதைக்கப்பட்டவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 856 கல்லறைகள் இருக்கின்றன. பெயர் தெரிந்தால் வரிசை எண்ணை இணையத்திலேயே எடுத்துக்கொண்டு போகலாம்.

வி.ஏ.ஓ.விடம் சர்வே எண் கிடைத்தால் அதோடு விடாதீர்கள். தமிழக அரசின் இணையச் சேவையில் கிராம நிலங்களின் பதிவேடான அ-பதிவேட்டைப் பார்த்தால் நிலம் இன்று எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று தெரியும். பழைய உரிமையாளர் விவரத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். ஆனால் அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை போதாது. ஊரில் இருக்கும் சித்தப்பாவோ அத்தை மகனோ தம் பெயரில் 10 ரூபாய் கட்டணத்துடன் எழுதட்டும். பதிலுக்கு 30 நாள் கெடு என்பதால், நீங்கள் டிக்கெட் எடுத்த அன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.