சமர்கந்து, புகாரா, கீவா: குழுவோடு போகிறவர்களுக்கு

உஸ்பெகிஸ்தான் பட்டுப்பாதைச் சுற்றுலா விளம்பரத்தைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். பயண அட்டவணையை வாங்கி, எந்த ஊரில் எத்தனை இரவு என்று எண்ணுங்கள். சமர்கந்தில் இரண்டு, புகாராவில் இரண்டு, கீவாவில் ஒன்றாவது இல்லையென்றால் பஸ் ஜன்னலைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். ஏப்ரல், மே, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர் நல்லது. ஜூன் பள்ளி விடுமுறையில்தான் முடியும் என்றால் தொப்பி அவசியம், அங்கே வெயில் நம் சிங்கப்பூர்ப் புழுக்கம் மாதிரி இல்லை, காய்ந்து சுடும்.

சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு உஸ்பெகிஸ்தானில் 30 நாள் வரை விசா வேண்டாம். வீட்டில் யாரிடமாவது இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் மின்விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

சமர்கந்தில் ரெகிஸ்தான் சதுக்கத்துக்கு வழிகாட்டி பகலில் கூட்டிப்போவார். சரி, போங்கள், ஆனால் சாயங்காலம் நீங்களாக இன்னொரு முறை போங்கள். அங்கே உலுக் பேக் மதரசா (இஸ்லாமியக் கல்விக்கூடம்) 1420-இல் முடிந்தது; எதிரே நிற்கும் ஷேர்-தோர் மதரசா அதற்கு இருநூறு ஆண்டு பிந்தியது. அதன் வாசல் வளைவை அண்ணாந்து பாருங்கள்: மானைத் துரத்தும் புலி, புலி முதுகில் மனித முகத்தோடு ஒரு சூரியன். வழிகாட்டி அவசரப்படுத்தினால் நகராதீர்கள்.

புகாராவில் 1127-இல் கட்டிய கல்யாண் மினார் கோபுரத்தைப் பார்த்தபின் லியாபி ஹவுஸ் குளக்கரையில் உட்கார்ந்து டீ குடியுங்கள், கடைகளுக்கு அப்புறம் போகலாம்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே புலாவில் ஆட்டிறைச்சி இருக்கும். கிளம்புமுன் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் வாங்கி, செக்-இன் பெட்டியில் வையுங்கள். நடுவில் முத்திரை குத்திய சமர்கந்து ரொட்டிக்கு அது அப்படிப் பொருந்தும்.