உயர்தர மாணவரின் பரீட்சைப் பதற்றமும் தனி வகுப்பும்

"சேர், வீட்டுல நல்லாத்தான் செய்யிறா, பரீட்சைன்னா கை நடுங்குது" என்று கூறியபடி பெற்றோர் தனி வகுப்புக்கு அழைத்துவரும் பிள்ளை, பெரும்பாலும் இலங்கையில் 11ஆம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ‘ஏ’ பெற்று, அடுத்து வரும் உயர்தரத்தின் முதல் தவணையிலேயே இணைந்த கணிதத்தில் (தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்த பாடம்) சறுக்கிய பிள்ளையாக இருக்கும். அத்தகைய பிள்ளைக்கு உடனே புதிய பாடத்தைத் தொடங்காதீர்கள். முந்தைய விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லி, எந்த வரியில் பேனை நின்றது என்று அருகில் அமர்ந்து பாருங்கள்.

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹற்றனில் என்னிடம் கற்ற ஒரு மாணவி, வகையீடு நன்கு தெரிந்திருந்தும், முதல் வரி பிழைத்தால் கணக்கே போய்விடும் என்றஞ்சி, தாள் கிழியும்வரை அழித்து அழித்து எழுதினாள். அழிறப்பரை எடுத்து வைத்துவிட்டு, பிழைத்த வரியை ஒற்றைக் கோட்டால் வெட்டிவிட்டுத் தொடரச் சொன்னேன். இரண்டு வாரம் சிணுங்கினாள். பிறகு அழிறப்பரைக் கேட்கவில்லை.

வினாத்தாளின் அமைப்பை விளக்குவதே பாதி மருந்து. இணைந்த கணிதத்தின் ஒவ்வொரு தாளிலும் பகுதி அ-வில் 10 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளிகள். பகுதி ஆ-வில் 7 வினாக்களில் 5-க்கு விடையளித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளிகள். படிமுறைகளுக்குப் புள்ளிகள் பிரித்து வழங்கப்படுவதால், இறுதி விடை வராத கணக்கும் வீணல்ல என்பதைப் புள்ளியிடும் திட்டத்தைக் காட்டியே நம்பவைக்க வேண்டும். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். முதலில் கடிகாரமின்றி ஒரு வினா, பின்னர் 7 நிமிடத்தில் ஒன்று, அதன் பின்னரே 3 மணித்தியால முழுத்தாள் என்று நகருங்கள். பகுதி அ-வுக்கு 70 நிமிடமும், பகுதி ஆ-வின் ஒவ்வொரு வினாவுக்கும் 20 நிமிடமும் ஒதுக்கினால், சரிபார்க்க 10 நிமிடம் மிஞ்சும்.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயன் அறையில் தனியாகப் படிக்க மூலை கிடைப்பது அரிது. எனவே, அமைதி வேண்டிய பயிற்சியை வகுப்பிலேயே முடித்து, வீட்டுக்குச் சிறு வேலைகளை மட்டும் கொடுங்கள். கட்டணப் பேச்சைப் பிள்ளையின் முன் எடுக்கவே வேண்டாம்: அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த காசு என்ற எண்ணம் ஏற்கெனவே அதன் தோளில் இருக்கிறது.

தூக்கமின்மை, பாடசாலைக்குச் செல்ல மறுத்தல் போன்றவை தொடர்ந்தால், அது ரியூஷன் ஆசிரியர் தீர்க்கக்கூடியதன்று. பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரையோ, 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தையோ நாடுமாறு பெற்றோரிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.