மதிப்பெண்ணுக்குப் படிப்பதிலிருந்து கல்லூரிக்குப் படிப்பதற்கு: ஒன்பதாம் வகுப்பில் தொடங்க ஒரு செய்முறை

கொங்கு நாட்டுப் பெற்றோர் பிள்ளைகளின் படிப்புக்காகத் தறி ஓட்டியும், பனியன் கம்பெனியில் கூடுதல் ஷிஃப்ட் பார்த்தும் கட்டணம் கட்டுகிறார்கள். பிள்ளைகளும் விடியற்காலையில் எழுந்து, முக்கிய வினாக்களையும் ஒரு மதிப்பெண் விடைகளையும் உருப்போட்டு நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். அப்படி வாங்கியவர்களில் பலர் கோவையிலோ ஈரோட்டிலோ கல்லூரியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே திணறுகிறார்கள். இதுவரை யாரும் விளக்கியிராத ஒரு பக்கத்தைத் தாமே படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் அவர்களுக்குப் பள்ளியில் வாய்க்காததே அதற்கு முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் அந்தப் பழக்கத்துக்கு நான்கு ஆண்டுகள் கிடைக்கும். பதினொன்றாம் வகுப்பில் தொடங்குவோரும் தயங்க வேண்டியதில்லை.

படி 1: நேரத்தையும் இடத்தையும் உறுதி செய்யுங்கள்

தொடக்கத்தில் நாளொன்றுக்கு 20 நிமிடங்கள் போதும், ஆனால் அது தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சோமனூர், பள்ளிபாளையம் போன்ற ஊர்களில் வீட்டை ஒட்டியே தறிக்கூடம் இருப்பதுண்டு. அந்தச் சத்தத்தில் படிக்க முடியாதவர்கள் அருகிலுள்ள கிளை நூலகத்தில் உறுப்பினராகலாம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுவதால், அந்த நூலகம் உங்கள் குடும்பத்தின் பணத்திலும் நடப்பதுதான்.

படி 2: பாடத்துக்கு வெளியே ஒரு புத்தகம்

அந்த 20 நிமிடங்களில் பாடப்புத்தகம் வேண்டாம். கிரிக்கெட் வீரரின் வரலாறோ, துப்பறியும் கதையோ, பறவைகளைப் பற்றியதோ, எதுவாயினும் மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், பொது அறிவுத் தொகுப்பையே வாங்கித் தர வேண்டும் என்று வற்புறுத்தாமல் இருந்தால் நல்லது. ஒரு புத்தகம் முப்பது பக்கம் கடந்தும் ஈர்க்கவில்லையென்றால் அதை மூடிவிட்டு வேறொன்றை எடுக்கலாம்.

படி 3: ‘ஏன்’ என்று கேட்டபடி பாடத்தைப் படியுங்கள்

இந்தப் படிக்கே மற்ற எல்லாவற்றையும் விட அதிக உழைப்பு தேவைப்படும் என்பதால் ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். பவானிசாகர் அணையைப் பற்றி ஒரு கட்டுரை கிடைக்கிறது என்று கொள்வோம். அணை 1955-இல் கட்டி முடிக்கப்பட்டது, கொள்ளளவு 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளம், பாசனப் பரப்பு 2.07 லட்சம் ஏக்கர் என்ற எண்களை அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்வதோடு நம் வழக்கமான படிப்பு முடிந்துவிடும்.

இப்போது அதே பக்கத்தை வேறு விதமாகப் படியுங்கள். முதலில் தலைப்பையும் உட்தலைப்புகளையும் மட்டும் பார்த்து, மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்று கட்டாயம் ‘ஏன்’ என்று தொடங்க வேண்டும்: ‘மொத்தப் பரப்புக்கும் ஒரே பருவத்தில் நீர் விடாமல் ஏன் பாதிப் பாதியாக விடுகிறார்கள்?’ இந்தக் கேள்வியோடு படிக்கும்போது, மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை எனப் பிரித்து, ஒரு பாதிக்கு நன்செய்ப் பயிருக்கும் மறு பாதிக்கு அடுத்த பருவத்தில் புன்செய்ப் பயிருக்கும் நீர் விடும் முறை கண்ணில் படும். இருக்கும் நீர் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதே அந்த முறைக்குக் காரணம் என்று விளங்கியதும், கொள்ளளவும் பரப்பும் தனித்தனி எண்களாக நில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்து மனத்தில் தங்கும். ஐயம் இருந்தால் வாய்க்கால் தண்ணீரில் வெள்ளாமை செய்த அப்பாருவிடமோ (அப்பாவின் அப்பா) அப்புச்சியிடமோ (அம்மாவின் அப்பா) கேளுங்கள். பிறகு, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் உங்கள் சொந்தச் சொற்களில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்தப் பத்தி இன்னும் புரியவில்லை; அதை மட்டும் திரும்பப் படியுங்கள்.

படி 4: புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்

திரும்பத் திரும்பப் படிப்பதால் பாடம் தெரிந்துவிட்டது போன்ற உணர்வுதான் வருகிறது. ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னிலையில் இருந்தனர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தனர். ஆகவே பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். விட்டுப்போனதை வேறு நிற மையால் சேருங்கள். இதையே மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் செய்யுங்கள். முதல் தாளில் பாதிதான் வரும். அதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள்.

படி 5: தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கிலம்

அரசுப் பாடநூல்கள் தமிழ்வழியிலும் ஆங்கில வழியிலும் ஒரே பாட வரிசையில் உள்ளன. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். தமிழில் நன்றாகப் புரிந்துகொண்ட பாடத்தின் ஆங்கில வடிவத்தில் நாளுக்கு ஒரு பத்தி மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் அகராதி குறைவாகவே தேவைப்படும். புதிய கலைச்சொற்களைத் தமிழ்ச் சொல்லோடு இணைத்து ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும்போது, காதில் விழும் சொல் எதைக் குறிக்கிறது என்று தேடித் தவிக்காமல் பாடத்தைப் பின்தொடர இது பெரிதும் உதவும்.

படி 6: கேட்டுக் குறிப்பெடுங்கள்

கல்லூரியில் பெரும்பாலும் யாரும் குறிப்பைச் சொல்லி எழுத வைக்க மாட்டார்கள். வாரம் ஒரு முறை பதினைந்து நிமிட உரை ஒன்றைக் கேட்டு, பேசுபவரின் சொற்களை அப்படியே எழுதாமல், கருத்துகளை மட்டும் குறித்துப் பழகுங்கள். அன்று மாலையே அந்தக் குறிப்பை வைத்து ஐந்து வரியில் சுருக்கம் எழுதுங்கள். பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரையுள்ள விடுமுறையில், நீங்கள் சேரவிருக்கும் படிப்பின் முதல் பருவப் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் எடுத்து, ஒரு பாடத்தின் முதல் அலகை மேலே சொன்ன மூன்றாம், நான்காம் படிகளின்படி யாருடைய உதவியும் இன்றிப் படித்துப் பாருங்கள்.