பழைய டீசல் வேன்ல ஆயில் லீக்: டேப்பட் கவர் பேக்கிங் மாத்தறது, அப்புறம் முக்கியமா பிரீதர்

தினமும் காலைல வேனுக்கு அடியில கருப்பா ரெண்டு மூணு சொட்டு, இன்ஜினோட பின்பக்கம் முழுக்க எண்ணெய் படிஞ்சு அதுமேல தூசி ஒட்டி களிம்பு மாதிரி இருந்துச்சு. கீழ சொட்டுதேன்னு சம்ப் (இன்ஜின் அடியில எண்ணெய் தேங்கற தொட்டி) பேக்கிங்கை, அதாவது இணைப்புல கசியாம இருக்க நடுவுல வைக்கிற பட்டையை மாத்தினேன், நிக்கல. எண்ணெய் மேலேர்ந்து வழிஞ்சுதான் கீழ வரும், அதனால ஈரம் இருக்கிறதுலயே உயரமான இடம் எதுன்னு தேடணும், சொட்டுற இடத்தைப் பாக்கக்கூடாது. எனக்கு அது டேப்பட் கவர், அதாவது இன்ஜின் உச்சியில வால்வுகளை மூடியிருக்கிற மூடி.

முதல்ல இன்ஜினைக் கழுவுங்க. ஆறின இன்ஜின்ல மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால தேய்ச்சு, துணியால துடைச்சு நல்லா காய விடணும், ஆல்டர்னேட்டர் மேல ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கோங்க, கழட்ட மறந்துடாதீங்க. காஞ்சதும் சந்தேகமான இணைப்பு மேல டால்கம் பவுடரைத் தூவி ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாத்தா வெள்ளைப் பவுடர்ல கருப்பா ஒரு கோடு இறங்கியிருக்கும், அது எங்க ஆரம்பிக்குதோ அங்கதான் கசிவு. கசியறது கருப்பா இல்லாம தண்ணி மாதிரி மெல்லிசா, டீசல் வாசனையோட இருந்தா அது டீசல், இன்ஜெக்டர் ரிட்டர்ன் பைப்பை (மிச்ச டீசல் திரும்பிப் போற குழாய்) பாருங்க, இந்தப் பதிவு அதுக்கு உதவாது.

கவரைக் கழட்டறது சுலபம்தான், 10 எம்எம் பாக்ஸ் ஸ்பேனர் போதும். ஆனா இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில இருக்கிற வேன்ல பின்னாடி இருக்கிற ரெண்டு போல்ட் கண்ணுக்கே தெரியாது, விரலால தடவித்தான் கண்டுபிடிக்கணும், நீள எக்ஸ்டென்ஷன் ஒண்ணு இருந்தா நிம்மதி. கவர் ஒட்டிக்கிட்டு வரலைன்னா ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீங்க, பக்கவாட்டுல ரப்பர் சுத்தியலால லேசா தட்டுங்க.

பழைய பேக்கிங்கைச் சுரண்டறப்போ ஹெட் (கவர் உக்கார்ற இன்ஜின் மேல்பகுதி) அலுமினியமா இருந்தா இரும்பு பிளேடு வேண்டவே வேண்டாம், ஒரு கீறல் விழுந்தா அது வழியாவே மறுபடி கசியும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்தான் நல்லது. உள்ள தூள் விழாம துணி வெச்சு அடைச்சுக்கோங்க, எத்தனை துணி வெச்சீங்கன்னு எண்ணி வெச்சுக்கோங்க.

இப்ப நான் மாட்டிக்கிட்ட இடம். புது கார்க் பேக்கிங் போட்டு நல்லா இறுகட்டும்னு பலமா முறுக்கிட்டேன், மறுநாளே லீக். கழட்டிப் பாத்தா போல்ட் இருக்கிற இடத்துல எல்லாம் கார்க் நசுங்கி வெளிய பிதுங்கி ஒரு இடத்துல கிழிஞ்சே போயிருந்துச்சு. அதுமட்டும் இல்ல, தகரக் கவரோட விளிம்பு போல்ட் ஓட்டையைச் சுத்தி குழிஞ்சிருந்துச்சு, குழிஞ்சா ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல கவர் தூக்கிக்கும், அங்க பேக்கிங் அழுந்தவே அழுந்தாது. கவரைத் திருப்பி மட்டமான கண்ணாடி மேல வெச்சுப் பாத்தா சந்து தெரிஞ்சிடும். விளிம்பை ஒரு மரக்கட்டை மேல வெச்சு சின்ன சுத்தியலால தட்டித் தட்டி மட்டமாக்கினேன், பொறுமையா அரை மணி நேரம் ஆச்சு.

6 எம்எம் போல்ட்டுக்கு முறுக்கற அளவு பொதுவா 8 லேர்ந்து 10 நியூட்டன் மீட்டர்தான், கார்க்னா அதைவிடக் குறைவாவும் இருக்கும், உங்க இன்ஜின் மேனுவல்ல போட்டிருக்கிறதைப் பாத்து வைங்க. வீல் நட்டுக்கு வெச்சிருக்கிற பெரிய டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலமா முறுக்கறோம்னு காட்டற ஸ்பேனர்) இதுக்கு ஆகாது, கால் இன்ச் சின்ன ரெஞ்ச் வேணும். எல்லா போல்ட்டையும் முதல்ல கையால விட்டு, நடுவுலேர்ந்து ரெண்டு ஓரத்துக்கும் மாத்தி மாத்தி மூணு சுத்துல முறுக்குங்க. கிடைச்சா கார்க்கை விட ரப்பர் பேக்கிங் வாங்குங்க, சூட்டுல சீக்கிரம் காஞ்சு வெடிக்காது.

இவ்வளவும் சரியா செஞ்சும் ஒரு மாசத்துல திரும்ப ஈரம். காரணம் பிரீதர். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் புகை எப்பவும் கீழ இறங்கும், அது வெளியேற வழிதான் பிரீதர் ஹோஸ், அது அடைச்சா உள்ள பிரஷர் ஏறி எங்க இடம் கிடைக்குதோ அங்க எண்ணெயைத் தள்ளும், எந்தப் பேக்கிங்கும் தாங்காது. இன்ஜின் சூடா ஐட்லிங்ல இருக்கும்போது ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி, அந்த ஓட்டை மேலயே முறுக்காம சும்மா வெச்சுப் பாருங்க. லேசா அதிர்ந்தா பரவால்ல, புகையோட தூக்கித் தூக்கி எறிஞ்சா பிரஷர் இருக்கு. என்னோட ஹோஸைக் கழட்டினா உள்ள கருப்பா மெழுகு மாதிரி அடைச்சு பென்சில் நுழையற அளவு ஓட்டைதான் மிச்சம். மண்ணெண்ணெய்ல ஊற வெச்சு கழுவி, கவருக்குள்ள இருந்த வலையையும் சேர்த்து சுத்தம் பண்ணினேன். அன்னிக்கு நின்ன கசிவு இன்னும் வரல. ஹோஸ் சுத்தமா இருந்தும் மூடி பறக்குதுன்னா ரிங் தேஞ்சிருக்கு, அதுக்கு பெரிய வேலை.

மாட்டினதும் ஆயில் அளவு பாருங்க, டிப் ஸ்டிக்கோட மேல் கோட்டைத் தாண்டி ஊத்தாதீங்க. பிரீதர் ஹோஸ் ஏர் இன்டேக்ல (இன்ஜின் காத்து இழுக்கற குழாய்) சேர்ற இன்ஜின்ல, அதிகப்படி எண்ணெயை இன்ஜின் இழுத்து எரிக்க ஆரம்பிச்சா சாவியைத் திருப்பினாலும் நிக்காது, ரொம்ப ஆபத்து.

பின்சேர்க்கை: சிலிகான் பேஸ்ட் சுத்தி போடலாமான்னு நிறைய பேர் கேட்டீங்க. வேண்டாம். பிதுங்கி உள்ள விழற துண்டு ஆயில் பம்ப்போட சல்லடையில போய் அடைக்கும், அப்புறம் இன்ஜினே போயிடும். மேனுவல் சொல்ற மூலைகள்ல மட்டும், அரைவட்ட பிளக் (ஹெட் ஓரத்துல இருக்கிற அடைப்பு) ஹெட்டோட சேர்ற இடம் மாதிரி, ஒரு பட்டாணி அளவு வெச்சு, ஒரு ராத்திரி காய விட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

இன்னொருத்தர், இதெல்லாம் செஞ்சும் கசிவு நிக்கலைன்னு எழுதியிருந்தார். அவர் வேன்ல ஆல்டர்னேட்டர் பின்னாடி பிரேக்குக்கான வேக்யூம் பம்ப் இருக்கு, அதுக்கு எண்ணெய் போற சின்ன ரப்பர் ஹோஸ் கிளிப் கிட்ட வெடிச்சிருந்துச்சு. கவரைத் தொடறதுக்கு முன்னாடி அந்த ஹோஸை வளைச்சுப் பாத்துடுங்க, வெடிப்பு வளைச்சாத்தான் தெரியும்.